அப்பத்தா கேட்ட கணக்கு

ஆக்லாந்து, நியூசிலாந்து,
ஆடி 10

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். மலரை எழுதச் சொல்லி நீ அனுப்பிய கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போடாததற்குத் திட்டாதே.

"எனக்கு ஒன்று என்றால், நெய்ப்பந்தம் பிடிக்க அவன் எத்தனை மணி நேரத்தில் வருவான்?" என்று அப்பத்தா கேட்டாராமே. கணக்குப் போட்டுவிட்டேன். இங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 8,400 கிலோமீட்டர், அங்கிருந்து திருச்சி இன்னொரு 3,000. நான் வந்தபோது சிங்கப்பூரிலிருந்து பத்து மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டேன். திரும்பும்போது எதிர்காற்று, ஒரு மணி நேரம் கூடும். ஆஸ்திரேலியாவைத் தாண்டவே நாலு மணி நேரம். கீழே நம் ஆலங்குடிச் செம்மண் போலவே இருக்கும், ஆனால் ஒரு முந்திரி மரம் கிடையாது. சிங்கப்பூரில் ஐந்தாறு மணி நேரம் உட்கார வேண்டும். பிறகு திருச்சிக்கு நாலேகால். விமான நிலையம்தான் புதுக்கோட்டை சாலையிலேயே இருக்கிறதே, இரண்டு மணி நேரத்தில் வீடு. எல்லாம் சேர்த்து 24 மணி நேரம். பெரியப்பா சொன்ன அரை நாள் சுத்தப் பொய். ஆனால் ஊர் நேரம் ஆறரை மணி பின்னால் இருப்பதால் கடிகாரத்தில் அவ்வளவும் லாபம். வட்டிக்கு விட்ட அப்பத்தாவுக்கு இது புரியும்.

இங்கே இப்போது குளிர்காலம். வீட்டுக்குள்ளேயே மூச்சு புகையாக வருகிறது. பக்கத்து வீட்டுக் கிழவரோ அரைக்கால் சட்டையும் வெறுங்காலுமாகக் கடைக்குப் போகிறார்! வாசலில் பை நிறைய எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, நான் கதவைத் திறப்பதற்குள் நழுவிவிடுவார். ஊறுகாய் போட்டேன், வெந்தயம் தீய்ந்து கசக்கிறது. நீ கட்டிக் கொடுத்த கறிவேப்பிலையை வந்த அன்றே விமான நிலையத்தில் எடுத்துக்கொண்டார்கள். நல்லவேளை, மறைக்காமல் எழுதிக் கொடுத்தேன். இல்லாவிட்டால் 400 டாலர் அபராதம்.

அறையில் இருவர் இருந்தோம், இப்போது நாலு பேர். பேச்சுத் துணை ஆயிற்று. இரவு ஷிப்டை நானே கேட்டு வாங்கினேன், குளிரில் தூக்கம் எங்கே வருகிறது? வேலைக்குப் போகும் பஸ் விமான நிலையத்தை ஒட்டித்தான் போகும். சிங்கப்பூர் விமானங்கள் கிளம்பும் நேரமெல்லாம் எனக்கு மனப்பாடம். ஏன் என்று கேட்காதே.

மோட்டாருக்குக் காயில் கட்ட எவ்வளவு கேட்கிறார்கள் என்று அப்பாவை எழுதச் சொல். போன மாதப் பணம் தள்ளிப்போனது வங்கி விடுமுறையால்தான். இந்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். மலருக்குப் பார்த்த கீரனூர் இடத்தில் தை வரை பொறுக்கச் சொல்.

ஐஸ் பெட்டியில் வைக்க மாட்டோம் என்று அப்பத்தாவுக்கு அப்பா சத்தியம் செய்து கொடுத்தாராம். அதை யார் கேட்டார்கள்? ஒரு நாள்தானே அம்மா.

டிக்கெட்டுக்காகப் பசுவை விற்கும் பேச்சு வேண்டாம். கன்று போட்டதும் எழுது.

அன்புடன்,
செல்வம்