அப்பா பட்டறைக் காற்றை அளக்க வா

அம்மாடி,

போனில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டதுமே அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றியே எப்படிப் பேசுவது?

போன வாரம் நீ அனுப்பிய படத்தைக் காட்டினேன். பைன் மரக் கிளை ஒன்றுக்குப் பையை மாட்டி, அதிலிருந்து குழாய் குழாயாக இழுத்து ஒரு பெட்டிக்குள் விட்டிருக்கிறீர்களே, அந்தப் படம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தவர், "என்ன, மரத்துக்கு ஆக்ஸிஜன் வச்சிருக்காங்களா?" என்று கேட்டார். மரம் வெளியே விடுகிற வாசனையைத்தான் உங்கள் மகள் பிடிக்கிறாள், அதில் பைனீன் என்று ஒன்று இருக்கிறது, அது காற்றில் ஓசோனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத தூசாகிறது, அந்தத் தூசு வளர்ந்தால் மேகத்துளிக்கு வித்தாகும் என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். "வாசத்துக்கா சம்பளம் தர்றாங்க" என்றார். ஆனால் சாயங்காலம் டீக்கடையில் "எம்மக மரத்தோட மூச்ச அளக்குறா" என்று சொல்லியிருக்கிறார், கடைக்காரர் பெண்டாட்டி வந்து என்னிடம் கேட்டாள்.

உனக்கு இந்த வாசனைப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். நாலாவதோ ஐந்தாவதோ படிக்கும்போது பாம்பன் சின்னப்பாலத்தில் பெண்கள் கடற்பாசியைக் கரையில் காயப்போட்டிருந்தார்கள், நீ மூக்கைச் சுளித்துக்கொண்டு கடலுக்கு ஏன் இந்த வாசம் என்று கேட்டாய். "உப்பு வாசம்டி" என்று சொல்லிவிட்டேன். பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறவள் சொல்கிற பதிலா அது! உப்புக்கு ஏது வாசம், அது ஆவியானால்தானே மூக்குக்கு வரும். அது டைமெதில் சல்ஃபைடு என்று நீ காலேஜ் இரண்டாம் வருஷத்தில் எனக்குச் சொன்னபோது சிரித்து மழுப்பினேன், ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பாசியும் கடலில் மிதக்கிற நுண்பாசிகளும் உடம்பில் சேர்த்து வைக்கிற ஒரு கந்தகப் பொருள் சிதைந்துதான் அந்த வாசம் வருகிறது. அதுவும் காற்றில் ஏறி மேகத்துக்கு வித்தாகிறது, கடலே தன் வெயிலைத் தானே மட்டுப்படுத்திக்கொள்கிறதோ என்று 1987ல் லவ்லாக் என்ற விஞ்ஞானி உட்பட நாலு பேர் எழுதினார்கள். அவ்வளவு நேர்க்கோடாக இல்லை என்று பிறகு வந்தவர்கள் சொன்னாலும் எனக்கு அந்த யோசனை பிடிக்கும். கடலின் வாசனைக்கும் உன் பைன் மரத்துக்கும் கடைசியில் ஒரே வேலைதான் போல.

மீனிலாவது நான் தப்புச் சொல்லவில்லை. கடல்மீன் உப்புத்தண்ணீரைத் தாங்குவதற்காகச் சதையில் டிரைமெதிலமைன் ஆக்சைடு வைத்திருக்கிறது, செத்த பிறகு கிருமிகள் அதை டிரைமெதிலமைனாக உடைக்கின்றன, அதுதான் கவுச்சி. கண்மாய் மீனில் அந்தப் பொருள் பெயருக்குத்தான் இருக்கும். அமைன் என்பது காரம், புளியின் அமிலம் பட்டதும் உப்பாகி அங்கேயே உட்கார்ந்துவிடும், ஆவியாக முடியாது. மீன் கழுவிய கையில் புளி தேய்க்கிற உன் அப்பத்தாவுக்கு இதெல்லாம் தெரியாது, ஆனாலும் தேய்த்தாள். அமைன் பாடம் வரும்போதெல்லாம் இதைச் சொல்லித்தான் தொடங்குவேன். மீன்காரர் வீட்டுப் பிள்ளைகள் அன்றைக்கு மட்டும் நிமிர்ந்து உட்காரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் அப்பாவின் படகுப் பட்டறையில் ஒரு விசைப்படகுக்கு உள்ளே ஐஸ் போடும் அறைக்குப் புதிதாக ஃபைபர் அடித்தார்கள். உள்ளே குனிந்துதான் நிற்க முடியும், மேலே ஆள் இறங்குகிற ஓட்டை ஒன்றுதான். வேலைக்கு வருகிற பையன், இருபது வயதுதான் இருக்கும், ரோலரோடு உள்ளே இறங்கியவன் கொஞ்ச நேரத்தில் குடித்தவன் மாதிரி உளறிக்கொண்டு மேலே வந்து மணலில் உட்கார்ந்துவிட்டான். வாந்தி எடுத்தான். அப்பா வெயில் என்றார். மோர் வாங்கிக் கொடுத்துவிட்டு, மீதி வேலையை முடிக்க அவரே உள்ளே இறங்கினார். இதை என்னிடம் சொன்னது அப்பா இல்லை, அந்தப் பையனுடைய அம்மா.

அது வெயில் இல்லை என்று எனக்குத் தெரியும், உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஃபைபருக்கு ஊற்றுகிற பாலியெஸ்டர் ரெசினில் நூற்றுக்கு 35லிருந்து 45 வரை ஸ்டைரீன் என்கிற ஆவியாகும் திரவம்தான். இறுகும்போது பெரும்பகுதி பிளாஸ்டிக்கோடு பின்னிக்கொள்கிறது, ஆனால் மேட் என்கிற கண்ணாடி இழைப் பாயை விரித்து ரெசினை ஊற்றி ரோலரால் தேய்க்கும்போது ஒரு பங்கு ஆவியாகிப் போகிறது. திறந்த வெளியில் காற்று கொண்டுபோய்விடும். ஐஸ் அறைக்குள் எங்கே போகும்? ஸ்டைரீனின் மூலக்கூறு எடை 104, காற்றுக்குச் சராசரி 29. கனத்த ஆவி அடியிலேயே தங்கும், குனிந்து வேலை செய்கிறவன் மூக்கும் அங்கேதான் இருக்கிறது.

அப்பா சொல்வது என்ன தெரியுமா? "முப்பது வருஷமா செய்றேன், எனக்கு வாடையே தெரியல." இதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. ஸ்டைரீனை ஒரு பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு, எவ்வளவோ கீழேயே மூக்கு கண்டுபிடித்துவிடும், ஆனால் கொஞ்ச நேரத்தில் மூக்கு சலித்துவிடும். ஸ்கூல் லேபில் அம்மோனியா பாட்டிலைத் திறந்தால் முதல் பெஞ்சுப் பிள்ளைகள் கத்தும், பாடம் முடிவதற்குள் அதுகளே மறந்துபோகும், வெளியிலிருந்து வருகிற ஹெட்மாஸ்டர்தான் மூக்கைப் பொத்துவார். இந்த வீட்டில் அந்த ஹெட்மாஸ்டர் நான்தான். அவர் சட்டையை வாசலோடு கழற்றச் சொல்லி வெளிக்கொடியில் போடுகிறேன். குளித்துவிட்டு வந்து படுத்த பிறகும் அவர் மூச்சில் அது இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தோற்றமில்லை, உள்ளே போனதில் ஒரு சிறு பங்கு மூச்சு வழியாகவே திரும்ப வரும் என்று படித்தேன். மீதியை உடம்பு மாண்டலிக் அமிலமாக்கிச் சிறுநீரில் அனுப்புகிறதாம், அதை அளந்தே ஒருவர் எவ்வளவு சுவாசித்தார் என்று கண்டுபிடிக்கிறார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. கொரோனா சமயத்தில் வாங்கிய என்95 முகக்கவசங்கள் வீட்டில் மிச்சமிருந்தன, அவர் அதைத்தான் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தார், பையனுக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார். அது தூசுக்கு, ஆவிக்கு இல்லை, வலைக்குள் தண்ணீரை அள்ளுகிற கதை என்று சொன்னேன். அப்புறம் மதுரையில் சொல்லி, கரி வடிகட்டி வைத்த முகக்கவசம் ஒன்று வரவழைத்தேன். ஒருநாள் போட்டார். வேர்க்கிறது, தாடி குத்துகிறது, பேசினால் கேட்கவில்லை என்று பட்டறையில் ஆணியில் மாட்டிவிட்டார். கரிக்கு மனிதன் மூக்கா வேண்டும்? காற்றில் இருப்பதையெல்லாம் அது தொங்கிக்கொண்டே உறிஞ்சித் தீர்ந்துபோயிருக்கும். இறுக்க மூடிய பையில் வைக்க வேண்டும் என்று எழுதியே ஒட்டினேன். எழுதிய தாளில், ரெசினை இறுக வைக்கிற ஹார்டனருக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்.

புற்றுநோய் பேச்சையும் எடுத்துப் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018ல் ஸ்டைரீனை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வரிசைக்கு ஏற்றியது, அதற்கு முன்னால் ஒரு படி கீழே இருந்தது. அவர் கேட்டார், "பிரியாணிப் பட்டையில கூட இது இருக்குன்னு நீதான சொன்ன?" சொன்னேன்தான். பட்டையில் இயல்பாகவே ஸ்டைரீன் கொஞ்சம் உண்டு. 1839ல் எட்வார்ட் சைமன் என்ற பெர்லின் மருந்துக்கடைக்காரர் அதைப் பிரித்தெடுத்ததே ஒரு மரப்பிசினிலிருந்துதான். இதையெல்லாம் ஒருநாள் சாப்பிடும்போது சுவாரசியத்துக்காகச் சொல்லித் தொலைத்தேன், இப்போது அதை வைத்தே என் வாயை அடைக்கிறார். சோற்றில் கிடக்கிற ஒரு துண்டுப் பட்டையும் நாள் முழுக்க ஒரு பீப்பாய் ரெசினும் ஒன்றா என்று கேட்டால் பதில் வராது, எழுந்து போய்விடுவார். தாத்தா வத்தை என்கிற மரப்படகு கட்டும்போது குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிச் சந்து அடைப்பாரே, அந்தப் புகையிலும் இருமித்தான் வளர்ந்தேன் என்பார்.

அவரை முட்டாள் என்று நினைத்துவிடாதே. என்னைவிட நல்ல வேதியியல்காரர் அவர். காலை வேலைக்கு ஹார்டனர் நூற்றுக்கு ஒன்றரை, உச்சிவெயிலில் ஒன்று, வாடைக்காற்று அடித்தால் கொஞ்சம் கூட்டி. கலந்த ரெசின் மக்கில் கிடந்தால் தானே சூடேறிப் புகையும் என்பதால் எவ்வளவு நேரத்தில் தீர்க்க முடியுமோ அவ்வளவுதான் கலப்பார். பையன் கண்மதிப்பில் ஊற்றினால் திட்டுவார், "அளந்து ஊத்துடா, அளக்காத வேல வேலையா" என்பார். எனக்கு வழி புலப்பட்டது அதில்தான். இவர் என் பேச்சைக் கேட்க மாட்டார், ஆனால் ஒரு எண்ணைக் காட்டினால் உட்கார்ந்து பார்ப்பார்.

அந்த எண் உன்னிடம்தான் இருக்கிறது. ஊருக்குப் போனால் கையோடு கொண்டுபோகிற சின்னக் குழாய்களைப் பற்றி நீ சொன்னாயே, உள்ளே கரியோ டெனாக்ஸ் என்கிற உறிஞ்சும் தூளோ நிரப்பி, சட்டையில் குத்தி, கைக்குள் அடங்குகிற பம்பு காற்றை மெல்ல இழுக்க, அப்புறம் இரண்டு முனையையும் மூடி லேபுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்ப்பது. அதில் நாலைந்து கொண்டு வா. பம்பு இல்லாமல் தானாகவே உறிஞ்சுகிற பேட்ஜ் மாதிரி ஒன்று உண்டாமே, அதுவானாலும் சரி. ஒன்று அப்பா காலரில், ஒன்று பையனுக்கு, ஒன்று ஐஸ் அறைக்குள், ஒன்று நம் வீட்டுத் திண்ணையில் ஒப்பிட்டுப் பார்க்க. அமெரிக்காவில் தொழிற்சாலைக்கான சட்ட வரம்பு 8 மணி நேரச் சராசரிக்கு 100 பிபிஎம், பல நாடுகளில் அதைவிட எவ்வளவோ கீழே. நம் கொட்டகைக்கு வந்து அளக்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. எண் குறைவாக இருந்தால் எனக்கும் நிம்மதி, நான்தான் பயந்தாங்கொள்ளி என்று ஒப்புக்கொள்கிறேன்.

உன் ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று சொல்லிக் கட்டிவிடு. தனக்காக என்றால் மாட்டிக்கொள்ள மாட்டார், உனக்காக என்றால் வேர்த்தாலும் எட்டு மணி நேரம் கழற்ற மாட்டார். பொய் சொல்லச் சொல்கிறாயே அம்மா என்காதே, உன் புரொபசரிடம் கேட்டு அதை நிஜமாகவே ஒரு சின்ன ஆய்வாக்கிக்கொள். பையனிடமும் அவன் அம்மாவிடமும் மட்டும் மறைக்காமல் சொல்லி, சம்மதம் வாங்கிக்கொண்டு செய்.

இன்னொன்று, இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. ஸ்டைரீன் காற்றில் வேலை செய்கிறவர்களுக்கு நிறம் பிரித்துப் பார்ப்பதில் குறை வருவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன, நீலத்திலும் மஞ்சளிலும் முதலில். போன வாரம் கரும்பச்சைப் பெயிண்ட் டப்பாவை நீலம் என்று எடுத்து வந்தார். கண்புரையாகவும் இருக்கலாம், வயது ஐம்பத்தெட்டு ஆகிறதே. ராமநாதபுரத்தில் கண் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்றால் மீன்பிடித் தடைக்காலம் முடியட்டும் என்கிறார்.

தடைக்காலம்தான் எனக்கு அவசரம். ஏப்ரல் 15க்கு விசைப்படகெல்லாம் கரைக்கு வந்துவிடும், ஜூன் 14 வரை 61 நாள், அதற்குள் எல்லாருக்கும் ஃபைபர் வேலை முடிய வேண்டும். இப்போதே ஏழு படகுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார், அதில் மூன்றுக்கு ஐஸ் அறை. ஜூலையில் வருகிறேன் என்றாய், ஜூலையில் வந்தால் அளக்கக் காற்று இருக்கும், வேலை இருக்காது. ஏப்ரல் கடைசி வாரம் பார். மதுரைக்குப் பறந்து வந்தால் அங்கிருந்து ரயில், புதுப்பாலம் வழியாக ஓடுகிறது, நீ இன்னும் அதில் போகவில்லையே.

வரமுடியாவிட்டால் குழாயை மட்டுமாவது அனுப்பு, எப்படி மாட்டுவது என்று எழுதி. முப்பத்திரண்டு வருஷம் லேபை நடத்தியவள், ஒரு குழாய்க்கு மூடி போடத் தெரியாதா எனக்கு.

படித்ததும் உடனே கூப்பிடாதே. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடு, மேட் வாங்க அப்பா மண்டபம் போயிருப்பார்.

அம்மா