மின்தூண்டல் சோதனைகளைப் பதிவுசெய்வது குறித்து

உறுப்பினர்களுக்கு வணக்கம். நரம்பணுக்களில் பேட்ச் கிளாம்ப் முறையில் (நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செல்லின் சவ்வில் ஒட்டவைத்து மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் அளக்கும் முறை) நடத்தும் மின்தூண்டல் சோதனைகளுக்கு ‘200 பிகோஆம்பியர் செலுத்தப்பட்டது’ என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், மின்னோட்டத் துடிப்பு தொடங்கிய நேரம், அது நீடித்த கால அளவு, துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி, தூண்டலுக்கு முந்தைய சவ்வு மின்னழுத்தம், சவ்வின் இருபுறமும் (குழாயினுள்ளும் செல்லுக்கு வெளியேயும்) உள்ள கரைசல்களின் சேர்மானம் ஆகியவற்றை அலகுகளுடன் குறிக்குமாறு வேண்டுகிறோம். வெப்பநிலையைப் பொறுத்தவரை ‘அறை வெப்பநிலை’ என்று எழுதுவது போதாது. அறைக்கு அறை அது மாறும். 1952-இல் உடலியங்கியல் அறிஞர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் நரம்பிழையில் மின்சமிக்ஞை எழுவதை விளக்கும் சமன்பாடுகளை 6.3 டிகிரி செல்சியஸுக்கு எனத் தெளிவாக வரையறுத்து, 10 டிகிரி உயர்வுக்கு வீத மாறிலிகள் (சவ்வில் நிகழும் மாற்றங்களின் வேகத்தைக் குறிக்கும் எண்கள்) மும்மடங்காகும் என்பதையும் சேர்த்து எழுதியதால்தான், அவற்றை இன்றும் எந்தக் கணினியிலும் ஐயமின்றி மீளக் கணக்கிட முடிகிறது. திரவச் சந்தி மின்னழுத்தம் (இரு வேறு கரைசல்கள் சந்திக்கும் இடத்தில் எழுந்து, அளவீட்டை விலகச் செய்யும் மின்னழுத்தம்) திருத்தப்பட்டதா என்பதையும் தவறாமல் எழுதுங்கள். பொட்டாசியம் குளுக்கோனேட் கரைசலில் அந்த விலகல் 10 மில்லிவோல்ட்டைத் தாண்டக்கூடும்.