கதையை போனில் கேட்கலாம், கழுத்தைத் தொட்டுத்தான் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எடை குறைப்பு அறுவை சிகிச்சை பற்றி உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் கொரோனா காலத்தில் நோயாளிகளை வீடியோ காலில் பார்த்து ஆபரேஷனுக்குத் தயார் செய்ததெல்லாம் வேறு வழியில்லாமல் செய்தது, இனி அது தேவையில்லை என்கிற மாதிரி ஒரு வரி அதில் வந்தது. அது இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் வீட்டுக்காரரை அப்படித்தான் தயார் செய்தார்கள். ஏழு மாதம் எதிரே போனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், பிபி பார்க்கக் கையில் சுற்றும் பட்டை பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

நாங்கள் தென்காசிப் பக்கம். 2020 மார்ச் கடைசியில் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்க நாள் வாங்கி, பொதிகையில் டிக்கெட்டும் போட்டாயிற்று. அதற்குள் ஊரடங்கு. ரயில் போச்சு, நாளும் போச்சு. அவசரம் இல்லாத ஆபரேஷன் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டார்கள், எடை குறைப்பு ஆபரேஷன் அந்தப் பட்டியலில் முதலில் இருந்தது. இத்தனைக்கும் உடம்பு கனத்தவர்களுக்குக் கொரோனா வந்தால் ஆபத்து அதிகம் என்று தினமும் டிவியில் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. அதைக் கேட்டுக் கேட்டு இவருக்குத் தூக்கமே போய்விட்டது.

ஜூலையில் அந்த மருத்துவமனையிலிருந்து அவர்களாகவே கூப்பிட்டு, வீடியோவில் ஆரம்பிக்கலாமா என்றார்கள். மாவட்டம் விட்டு மாவட்டம் போகவே இ-பாஸ் வேண்டியிருந்த காலம், சரி என்றோம். இது ஏதோ குறுக்கு வழி என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, 2020 மார்ச் 25-ம் தேதி, அதாவது ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், மத்திய அரசு டெலிமெடிசினுக்கு, அதாவது போன், வீடியோ வழியாக மருத்துவம் பார்ப்பதற்கு, முறையான வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. போனில் பார்த்தால் போதுமா, நேரில் வரச் சொல்ல வேண்டுமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், பேசியதற்குப் பதிவு வைக்க வேண்டும், சில மருந்துகளை இப்படி எழுதித் தரவே கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது.

முதல் காலிலேயே எடை கேட்டார்கள். எங்கள் வீட்டு மெஷின் 120 கிலோ வரைதான் காட்டும். இவர் ஏறினால் முள் கடைசிக்குப் போய் நின்றுவிடும். மருந்துக்கடையில் இருந்ததும் அப்படியே. கடைசியில் தெரிந்தவர் நெல் மண்டியில், மூட்டை போடும் தராசில் ஏறி நின்றார். லோடுமேன்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "அண்ணாச்சி, ஆடாம நில்லுங்க" என்றார் ஒருவர். 134 கிலோ. உயரம், சுவரில் பென்சிலால் கோடு போட்டு டெய்லர் டேப்பால் நான் அளந்தது, 168 செ.மீ. கணக்குப் போட்டால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 47-க்கு மேல். ஆசியர்களுக்கு 37.5-க்கு மேல், சர்க்கரை மாதிரி வேறு நோய் இருந்தால் 32.5-க்கு மேல் என்றால் ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம் என்று அப்போது டாக்டர் சொன்னார். இவருக்குச் சர்க்கரை, பிபி இரண்டுமே இருந்தன.

டயட்டீஷியனோடு பேசியதைச் சொல்ல வேண்டும். நேரில் போயிருந்தால் "ரெண்டு இட்லி, மூணு தோசை" என்று இவர் சொல்லியிருப்பார், அவரும் எழுதிக்கொண்டிருப்பார். வீடியோவில் அந்தப் பெண் முதலில் கேட்டதே, "அக்கா, அடுப்படியைக் கொஞ்சம் காட்டுங்க" என்றுதான். எண்ணெய் டின், சீனி டப்பா, இவர் சாப்பிடும் தட்டு, மேல் தட்டில் அடுக்கி வைத்திருந்த முறுக்கு, மிக்சர் எல்லாம் தெரிந்துவிட்டது. இதில் ஒரு மாதத்துக்கு எவ்வளவு எண்ணெய் ஆகிறது என்று கேட்டதற்கு எனக்கே பதில் தெரியவில்லை. சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து பேசியிருந்தால் இந்த டின்னை யார் பார்த்திருப்பார்கள்?

குறட்டைக்கும் அப்படித்தான். மயக்க மருந்து டாக்டர் இவரிடம் ஒரு கேள்விப் பட்டியல் கேட்டார்: குறட்டை விடுகிறீர்களா, பகலில் தூக்கம் வருகிறதா, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா? இவர் "அதெல்லாம் இல்ல டாக்டர்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் போனைத் திருப்பி, "நிக்குது டாக்டர், நான் எண்ணியிருக்கேன்" என்றேன். நிறைய ஆஸ்பத்திரிகளில் மனைவி வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாள், இந்தக் கேள்வி அவளிடம் வராது. அதற்குப் பிறகுதான் திருநெல்வேலியிலிருந்து ஒரு மெஷின் கொண்டு வந்து ராத்திரி முழுக்க மாட்டிப் பார்த்தார்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய், அதுவும் கடுமையாக. ஆபரேஷனுக்கு முன் ஆறு வாரம், மூச்சு அடைபடாமல் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மாஸ்க்கோடுதான் தூங்கினார்.

மனநல ஆலோசகர் விஷயம் மட்டும் முதல் தடவை படுதோல்வி. எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு அறை. ஊரடங்கில் எல்லோரும் வீட்டில். இவர் ஹாலில் உட்கார்ந்து பேச, மாமியார் பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்க, பையன் ஆன்லைன் கிளாஸில். மனசு சரியில்லாதபோது சாப்பிடுவீர்களா, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டால் எந்த மனுஷன் உண்மை சொல்வான்? "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம்" என்று பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். அந்த மேடம் கெட்டிக்காரர், மறுநாள் ராத்திரி எட்டு மணிக்கு மொட்டைமாடிக்குப் போய்ப் பேசுங்கள், வீடியோ வேண்டாம், குரல் போதும் என்றார். ஒன்றரை மணி நேரம் பேசினார் இவர். எல்லோரும் தூங்கிய பிறகு எழுந்து பிரிட்ஜைத் திறந்து சாப்பிடுவதை, கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் என்னிடம்கூடச் சொல்லாததை, முகம் தெரியாத ஒருவரிடம் இருட்டில் சொல்லியிருக்கிறார். அதற்காகவே ஆபரேஷனை இரண்டு மாதம் தள்ளிப்போட்டு, வாரம் ஒரு முறை பேசினார்கள். வயிற்றில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடும் ஸ்லீவ் ஆபரேஷன் இது, ராத்திரிச் சாப்பாட்டுப் பழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதில் இறங்கக் கூடாது என்று அவர் பிடிவாதமாக நின்றார்.

இவ்வளவு சொன்னதால் வீடியோவே எல்லாவற்றுக்கும் போதும் என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

பிபி கதை இது. உள்ளூர் கிளினிக்கில் பார்த்து அளவை வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னார்கள். 168/104 வந்தது, அனுப்பினோம். மாத்திரையைக் கூட்டினார்கள். நாலாவது நாள் குளியலறையில் தலைசுற்றி விழப் போனவரை நான்தான் பிடித்தேன். நடந்தது என்னவென்றால், அந்தக் கிளினிக்கில் இருந்தது எல்லோருக்கும் கட்டும் சாதாரணப் பட்டை. பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் பிபி உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். இது மருத்துவத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம், ஆனால் போனில் யாரும் பட்டை அளவைக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எங்களுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அகலப் பட்டை போட்டுப் பார்த்தபோது 138/86.

அடுத்தது கழுத்து. மயக்க மருந்து டாக்டர் போனிலேயே வாயைத் திறக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், நான் டார்ச் அடித்தேன். "ஓரளவு தெரியுது, நேர்ல பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றார். நேரில் பார்த்தபோது, கழுத்து பின்பக்கம் வளைய வேண்டிய அளவு வளையவில்லை, மூச்சுக்குழாயில் டியூப் போடுவது கஷ்டமாக இருக்கும் என்று சொல்லி, கேமரா வைத்த கருவியை முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டார். போனில் பார்த்ததோடு விட்டிருந்தால் இது மேஜையில் படுக்க வைத்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

எண்டோஸ்கோபி, வயிற்று ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் திருநெல்வேலியிலேயே முடிந்தன. எண்டோஸ்கோபியில் ஒரு கிருமி இருப்பது தெரிந்து அதற்கும் இங்கேயே மருந்து. ஆக, சென்னைக்கு நாங்கள் போனது ஒரே தடவை, 2021 பிப்ரவரியில், இரண்டு அலைக்கும் நடுவில். ஏன் இவ்வளவு ஜாக்கிரதை என்று கேட்டதற்கு டாக்டர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. 2020 மே மாதம் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஆபரேஷனை ஒட்டிக் கொரோனா தொற்றிய 1128 பேரைப் பார்த்திருக்கிறார்கள், 30 நாளுக்குள் 23.8 சதவீதம் பேர் இறந்திருக்கிறார்கள். எல்லா வகை ஆபரேஷனும் சேர்த்த கணக்குத்தான், ஆனாலும் அதைக் கேட்ட பிறகு வராந்தாவில் கூட்டத்தோடு காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பயம்தான்.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன்? என் நாத்தனார் மகள், 28 வயது, 112 கிலோ, துணிக்கடையில் வேலை. ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அவளை ஆபரேஷனுக்கு முன் டயட்டீஷியனுக்கு ஒரு நாள், மனநல ஆலோசகருக்கு ஒரு நாள், ரிப்போர்ட் காட்ட ஒரு நாள் என்று 600 கிலோமீட்டர் தாண்டி வரச் சொல்கிறார்கள். வீடியோவில் பேசக் கூடாதா என்றால், அதெல்லாம் கொரோனாவோடு நிறுத்திவிட்டோம் என்று பதில். இன்னொரு பக்கம், அவள் போனைத் திறந்தாலே விளம்பரம்: இலவச வீடியோ ஆலோசனை, எடையை டைப் செய்யுங்கள், அடுத்த வாரமே ஆபரேஷன், பேக்கேஜ் இவ்வளவு. ஒன்றில் ஒரேயடியாக இல்லை, இன்னொன்றில் பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது!

எடையை வாயால் சொல்லச் சொல்வதில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. இன்சூரன்ஸ் விதிப்படி பிஎம்ஐ 40 இருக்க வேண்டும், இல்லை 35-ம் கூடவே கட்டுப்படாத சர்க்கரை மாதிரி கடுமையான நோயும் இருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க எடையைக் குறைத்துச் சொன்னவர்கள் இங்கே மட்டும் நாலு கிலோ கூட்டிச் சொல்வார்கள். 2022-ல் இந்த ஆபரேஷன் செய்யும் டாக்டர்களின் அமெரிக்க, சர்வதேச சங்கங்கள் ஆபரேஷனுக்கான பிஎம்ஐ அளவை இன்னும் கீழே இறக்கிவிட்டன, ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்கிறார்கள். வரிசை நீளத்தான் போகிறது. தராசைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர் இருக்க வேண்டாமா?

இ-சஞ்சீவனி என்று அரசே ஒரு வீடியோ மருத்துவச் சேவை நடத்துகிறது. 2020-ல் அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்தது. ஊரில் இருக்கும் சுகாதார ஊழியர் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பெரிய மருத்துவமனை டாக்டரோடு பேச வைக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. எடை குறைப்பு ஆபரேஷனுக்கு அந்த ஏற்பாடுதான் சரி. பேச்சு எல்லாம் வீடியோவில், அளவு எல்லாம் நர்ஸ் கையால், கழுத்தும் மூச்சும் நேரில். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேச ஒரு கதவு சாத்தும் அறை, 200 கிலோ தாங்கும் தராசு, ஒரு அகல பிபி பட்டை, இவ்வளவுதான் வேண்டும்.

எங்கள் ஊர் நிலையத்தில் போன வாரம் விசாரித்தேன். தராசு 150 வரை இருக்கிறதாம். அகலப் பட்டை இல்லை, எழுதிப் போட்டிருக்கிறோம் என்றார் நர்ஸம்மா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தென்காசி மாவட்டம்.