மாகாண சபைக்கு ஆள் அனுப்பப்போகும் கட்சித் தலைவர்களுக்கு

வடக்கு கிழக்கில் தமிழ் மக்களிடம் வாக்குக் கேட்டு வரும் கட்சிகளின் தலைவர்களுக்கும் மத்திய குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மாகாண சபைத் தேர்தலை நடத்துங்கள் என்று நீங்கள் விடும் அறிக்கைகளை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தக் கோரிக்கையோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் உங்களிடம் கேட்க வேறொன்று இருக்கிறது. தேர்தல் வந்தால் யாரை நிறுத்தப்போகிறீர்கள்? நிறுத்துகிறவர் அந்தக் கதிரையில் ஐந்து வருடம் இருப்பாரா?

தெற்கில் மாகாண சபை என்பது பாராளுமன்றத்துக்குப் போகிறவர்களின் காத்திருப்பு மண்டபம். அதை அவர்கள் மறைப்பதும் இல்லை. சந்திரிகா 1993இல் மேல் மாகாண முதலமைச்சர்; அடுத்த வருடம் ஓகஸ்டில் பிரதமர், நவம்பரில் ஜனாதிபதி. தயாசிறி ஜயசேகர பாராளுமன்றத்தை விட்டுவந்து 2013இல் வடமேல் மாகாண முதலமைச்சரானார். 2015இல் திரும்பிப் போய்விட்டார். ஹரின் பெர்னாண்டோ 2014இல் ஊவா மாகாண சபைக்கு வந்தார், சில மாதம் முதலமைச்சராக இருந்தார், 2015 ஓகஸ்டில் அவரும் கொழும்புக்குப் போனார். அவர்களுக்கு மாகாணம் ஒரு கோரிக்கை அல்ல. 1987இல் இந்தியாவோடு செய்த ஒப்பந்தத்தின் பின்னால் வந்து சேர்ந்த ஒரு ஏற்பாடு. ஏணியாகப் பயன்படுத்தினால் நட்டம் அவர்களுக்கு அதிகமில்லை.

நமக்கு அப்படியா? மாகாண சபைகளைக் கொண்டுவந்த பதின்மூன்றாம் திருத்தம் போதாது என்று நாம் முப்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லி வருகிறோம். போதாது என்றாலும் கையில் இருப்பது அதுதான். மாகாணத்துக்கு அதிகாரம் வேண்டும் என்று ஜெனீவா வரை போய்ப் பேசும் கட்சிகள், மாகாண சபை உறுப்பினரைத் தங்கள் வரிசையில் எங்கே வைத்திருக்கின்றன? பாராளுமன்றப் பட்டியலில் இடம் கிடைக்காதவர், அடுத்த முறை பார்க்கலாம் என்று சமாதானம் சொல்லப்பட்டவர், ஓய்வு பெற்றவர். கேட்பது சுயாட்சி, அனுப்புவது இரண்டாம் வரிசை. இந்த முரண்பாடு உங்களுக்கு உறைப்பதே இல்லையா?

2013 செப்டெம்பரில் நடந்த வட மாகாண சபைத் தேர்தலில் மக்கள் தங்கள் பங்கைச் சரியாகத்தான் செய்தார்கள். போர் முடிந்து நான்கு வருடம். ஆளுநராக ஓய்வுபெற்ற இராணுவ ஜெனரல். ஊருக்கு ஊர் முகாம். அந்த நிலையிலும் 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்தார்கள். முதலமைச்சராக வந்த விக்னேஸ்வரன் ஐயாவுக்கு 132,255 விருப்பு வாக்குகள். அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் ஆளுநரின் கணக்கிலேயே முழுக்க எழுதிவிடுகிறீர்கள். ஆளுநரின் குறுக்கீடு உண்மைதான். மாகாண சபை இயற்றும் சட்டமான நியதிச்சட்டம் நிதி சம்பந்தமானது என்றால் அதற்கு அவருடைய சிபாரிசு வேண்டும்; மாகாண உத்தியோகத்தர்களின் கடிவாளமும் அவர் கையில். முதலமைச்சர் நிதியம் கடைசிவரை வரவே இல்லை.

ஆனால் அமைச்சுப் பதவிகளைப் பங்காளிக் கட்சிகளுக்குள் இழுபறிப்பட்டுப் பிரித்தது எந்த ஆளுநர்? பொருளாதார மத்திய நிலையம் வவுனியாவில் ஓமந்தையிலா தாண்டிக்குளத்திலா என்று மாதக்கணக்காக அடிபட்டது யார்? 2017இல் அமைச்சர்கள் மீதான விசாரணை, அதன் பின்னால் சொந்த முதலமைச்சருக்கு எதிராகவே நம்பிக்கையில்லாத் தீர்மானம். அதே வருடம் முதலமைச்சர் தன் அமைச்சர் டெனீஸ்வரனைப் பதவியிலிருந்து எடுத்தது. 2018 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கத்துக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. முதலமைச்சரோடு நான்கு அமைச்சர்களுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அரசியலமைப்பு. அந்தத் தடையால் டெனீஸ்வரனும் சேர்ந்து இங்கே ஐந்து பேர். அமைச்சர் சபை கூடலாமா கூடாதா என்ற வாதத்திலேயே சபையின் கடைசி மாதங்கள் போயின. வட மாகாண சபை கூடிய கைதடியில் தீர்மானங்கள் குவிந்தன, நியதிச்சட்டங்கள் குறைவு. தீர்மானத்துக்கு ஒரு பேச்சுப் போதும். நியதிச்சட்டத்துக்கு வரைவு எழுத வேண்டும், சட்ட ஆலோசனை வேண்டும், பிரதம செயலாளரோடு இருந்து பேச வேண்டும், ஆளுநர் திருப்பி அனுப்பினால் திருத்தித் திரும்பவும் அனுப்ப வேண்டும். பத்திரிகையில் படம் வராத வேலை.

அந்த வேலையை ஐந்து வருடத்தில் பழகிக்கொண்டவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு என்ன வழி வைத்தீர்கள்? சித்தார்த்தன் சபைக்கு வந்து இரண்டு வருடத்தில் பாராளுமன்றம் போனார். விக்னேஸ்வரன் ஐயா 2020இல் போனார். 2024இல் ரவிகரன் வன்னியில் வென்றும், சுகாதார அமைச்சராக இருந்த சத்தியலிங்கம் தேசியப் பட்டியலிலும் போனார்கள். இவர்கள் போனதை நான் குறை சொல்லவில்லை. 2018 ஒக்டோபருக்குப் பிறகு இருக்க ஒரு சபையே இல்லை. மாகாணப் பாடசாலைகளின் ஆசிரியர் இடமாற்றமும் ஆதார வைத்தியசாலைகளின் ஆளணியும் சிறு குளங்களின் கணக்கும் தெரிந்த மற்றவர்கள் தங்கள் பழைய தொழிலுக்கோ வீட்டுக்கோ திரும்பிவிட்டார்கள். அவர்கள் கற்றதை யாரும் எழுதிக்கூட வைக்கவில்லை. அடுத்த சபை அரிவரியிலிருந்து தொடங்கும்.

சபை இல்லாமல் போனதிலும் உங்களுக்குப் பங்குண்டு. 2017 செப்டெம்பரில் மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டம் வந்தது. பெண் வேட்பாளர்களின் பங்கைக் கூட்டுவதற்கென்று வந்த சட்டமூலம், குழு நிலையில் கலப்பு முறைத் தேர்தலாக மாறியது. எல்லை நிர்ணயம் முடியாமல் தேர்தல் இல்லை என்றானது. கூட்டமைப்பு அதற்கு ஆதரவாக வாக்களித்தது. அடுத்த வருடம் ஓகஸ்டில் எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒன்றுமில்லை, கொண்டுவந்த அமைச்சருடையதும் இல்லை. பழைய சட்டம் போய்விட்டது, புதியது நடைமுறைக்கு வரவில்லை. ஒன்பது மாகாணங்களும் ஒவ்வொன்றாக ஆளுநர்களிடம் போயின. வடக்கில் 2013இல் பதினேழு வயதாக இருந்தவர்கள் இப்போது முப்பதை எட்டுகிறார்கள். மாகாண சபைக்கென்று ஒரு முறைகூட வாக்களித்ததில்லை. வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கு மட்டும் வருடாவருடம் மாகாணத்துக்குப் பணம் கட்டுகிறார்கள்.

இந்த வருடங்களில் வடக்குக்கு வந்த ஆளுநர்கள் தமிழர்களாக இருப்பதும், சிலர் நிர்வாகம் தெரிந்தவர்களாக இருப்பதும் நமக்கு ஒரு மெத்தனத்தைத் தந்துவிட்டது என்றே நினைக்கிறேன். நல்ல ஆளுநரும் ஜனாதிபதி அனுப்பியவர்தான். ஒரு பாடசாலையைத் தேசிய பாடசாலை என்றும் ஒரு வைத்தியசாலையைத் தரமுயர்த்துகிறோம் என்றும் மத்தி எடுக்கும்போது, மாட்டோம் என்று சொல்லும் ஆணை அவருக்குக் கிடையாது. அது வாக்கு வாங்கி வந்தவருக்குத்தான் உண்டு.

ஆகவே தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திராமல் சிலவற்றை இப்போதே செய்யுங்கள். பழைய விகிதாசார முறைக்குத் திரும்பப் பாராளுமன்றத்தில் ஒரு திருத்தம் போதும். அதற்கு எல்லாத் தமிழ்க் கட்சிகளும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுங்கள். தனித்தனி அறிக்கை வேண்டாம், அவற்றில் ஒருவரையொருவர் குத்தும் வரிதான் முதலில் வருகிறது. மாகாண வேட்பாளரிடம், பதவிக்காலம் முடியுமுன் பாராளுமன்றத்துக்குக் கேட்கமாட்டேன் என்ற உறுதியை எழுத்தில் வாங்குங்கள். சட்டப்படி அது கட்டுப்படுத்தாது என்பது தெரியும். வாக்காளர் கையில் ஒரு பிரதி இருந்தால் போதும். கல்வி, சுகாதாரம், விவசாயம் என்று அமைச்சுக்கு யாரை நினைக்கிறீர்கள் என்பதை வாக்குக் கேட்கும்போதே சொல்லுங்கள், வென்ற பிறகு பங்காளிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டாம். பிரதேச சபைகளில் 2025 மே மாதம் தெரிவானவர்களில் வரவுசெலவுத் திட்டத்தை வரிவரியாக வாசிக்கிறவர்கள் ஒவ்வொரு சபையிலும் ஓரிருவர் இருப்பார்கள். பெரும்பாலும் பின் வரிசையில். அவர்களில் பெண்களும் உண்டு. அவர்களைத் தேடுங்கள்.

முதலமைச்சர் வேட்பாளருக்காகக் கொழும்பில் ஓய்வுபெற்றிருக்கும் பெரியவர்களின் வீட்டுக் கதவைத் தட்டும் யோசனை இந்த முறையும் இருக்குமானால், அதற்கு முன் கைதடிச் சபையில் ஐந்து வருடம் இருந்தவர்களை ஒரு நாள் கூப்பிட்டு, எது ஏன் நடக்கவில்லை என்று கேளுங்கள். கட்சி வேறுபாடு பார்க்காமல் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அச்சிட்டு எங்களுக்கும் தாருங்கள்.

இப்படிக்கு,
வட மாகாண வாக்காளர் ஒருவர்