கசினோ எங்கே அமையும்? ஊர் மக்களின் வாக்கு இல்லாமல் தீர்மானிக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 ஆகஸ்டில் கொழும்பில் சிட்டி ஒஃப் டிரீம்ஸ் கசினோ திறக்கப்பட்டதும், அதே மாதத்தில் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் பெரும்பாலும் வரி வருமானம், அந்நியச் செலாவணி என்ற கோணத்திலேயே பேசப்பட்டன. பெரிய கசினோ ஒன்று எந்த ஊரில் அமையலாம் என்பதை யார் தீர்மானிப்பது, அந்த ஊரில் குடியிருப்பவர்களிடம் யார் கேட்பது என்ற கேள்வி அந்தப் பேச்சில் இடம்பெறவேயில்லை என்றே சொல்லலாம். தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் வாழும் எனக்கு அதுதான் முதற்கேள்வியாகப் படுகிறது.

2010ஆம் ஆண்டின் கசினோச் சட்டத்தின் கீழ், கசினோவுக்கான பிரதேசத்தைக் குறித்தொதுக்கும் அதிகாரம் அமைச்சரிடமே இருந்தது. 2014இல் கொழும்பின் பெரும் விடுதித் திட்டங்களுக்கு வரிச்சலுகை வழங்கப்பட்டபோது, சலுகை விடுதிக்குத்தான், கசினோவுக்கு அல்ல என்று அரசாங்கம் வாதிட்டது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் கசினோவுக்கு அனுமதியில்லை என்று அறிவிக்கப்பட, அவுஸ்திரேலிய முதலீட்டாளர் ஜேம்ஸ் பெக்கரின் திட்டம் கைவிடப்பட்டது. அதே காலத்தில் சலுகை பெற்ற மற்றொரு திட்டத்தின் கட்டடத்தில்தான் இன்று சிட்டி ஒஃப் டிரீம்ஸ் கசினோ இயங்குகிறது. திறப்பதற்கும் மூடுவதற்கும் மேலிடத்தில் முடிவெடுத்தார்களே தவிர, அந்தக் கட்டடம் இருக்கும் கொம்பனித்தெருவில் குடியிருப்பவர்களிடம் ஒரு வாக்குச்சீட்டும் நீட்டப்படவில்லை.

மேலிடத்து முடிவு நிலைக்காது என்பதற்கு பிரித்தானியா நல்ல சான்று. அங்கே 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் ஒரேயொரு மாபெரும் கசினோவுக்கு இடமளித்தது. பிளாக்பூல் நகரமும் லண்டனின் கிரீனிச்சும் எதிர்பார்த்துக் காத்திருக்க, ஆலோசனைக் குழு 2007 ஜனவரியில் மான்செஸ்டரைத் தெரிவு செய்தது. இரண்டு மாதங்களில் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை மூன்றே வாக்குகளால் அதை நிராகரித்தது. அவ்வாண்டிலேயே புதிய பிரதமர் கோர்டன் பிரவுன் திட்டத்தைக் கைவிட்டார்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2011இல் வேறு வழியை வகுத்தது. கசினோ நடத்த விரும்பும் நிறுவனம் முதலில் அந்த ஊராட்சியுடன் எழுத்து மூலம் உடன்படிக்கை செய்ய வேண்டும். அதில் என்ன தரப்படும் என்பது வெளியிடப்பட்ட பிறகே ஊர் மக்கள் வாக்களிப்பார்கள். ஊர் மறுத்தால் அந்த இடத்தில் கசினோ இல்லை. 2013இல் ஸ்பிரிங்ஃபீல்ட் மக்கள் ஆம் என்றார்கள், அங்கே 2018இல் கசினோ திறந்தது. கிழக்கு பொஸ்டன் மறுத்தது. பாமர் என்ற சிற்றூர் நூற்றுக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் மறுத்தது, அங்கே கசினோ வரவில்லை. எல்லைக்கு அப்பால் பாதிக்கப்படும் பக்கத்து ஊர்களையும் அச்சட்டம் கணக்கில் எடுத்து, அவற்றுடனும் உடன்படிக்கை செய்யக் கோரியது. நமக்கு மிகவும் தேவைப்படுவது இந்தப் பகுதிதான்.

ஏனென்றால் மலையகத்தில் ஊர் என்பதன் எல்லையே சிக்கலானது. நுவரெலியா மாநகர சபைக்குள் ஒரு பெருந்திட்டம் வந்தால், அதற்கான வாக்கு நகரத்தாரோடு நின்றுவிடும். ஆனால் நகரத்தின் கழிவுநீர் இறங்கி வரும் ஓடைகளும், சாமான் லொறிகள் ஏறி வரும் பாதைகளும் தோட்டங்களின் ஊடாகவே செல்கின்றன. அந்தத் தோட்டக் காணி அரசுக்குச் சொந்தமானது. 1992 முதல் முகாமை கம்பெனிகளின் கையில், நீண்டகாலக் குத்தகையில் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயன் அறையில் நான்கு தலைமுறையாக வாழ்பவருக்கு அந்த மண்ணில் உறுதிப்பத்திரம் இல்லை. பிரதேச சபை நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிட வழி செய்யும் திருத்தமே 2018இல்தான் வந்தது. இத்தகைய மக்களைக் காணி உரிமையாளர் அல்லர் என்று கூறி ஒதுக்கிவிட்டு ஒரு முடிவை எடுப்பது மிக எளிது. 2025 நவம்பரின் டித்வா புயலில் மண்சரிவால் வீடிழந்தவர்கள் பாதுகாப்பான காணிக்காக அலையும்போது, நல்ல சமதரையை உல்லாச விடுதிக்கு ஒதுக்கும் முடிவு எவ்வளவு கொடியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இலங்கையர்களின் நுழைவுக் கட்டணத்தை 50 டொலரிலிருந்து 100 டொலராக உயர்த்தத் தீர்மானித்திருக்கும்போது கொழுந்து பறிப்பவர் கசினோவுக்குள் போகவா போகிறார் என்று கேட்கிறார்கள். போக மாட்டார்தான். ஆனால் சம்பள நாளில் எங்கள் டவுனிலுள்ள புக்கி கடை வாசலில் நின்று பாருங்கள்: உள்ளே ஆண்கள் இங்கிலாந்துக் குதிரைகளின் பெயர்களைப் பார்த்துத் துண்டு எழுதுகிறார்கள், எதிர்ப்புறத்துப் பலசரக்குக் கடையில் ஒரு தாய், அரிசிக்கும் மாவுக்கும் கணக்குப் போட்டு வைத்த சீட்டைக் கையில் பிடித்தபடி, கணவர் வெளியே வரும்வரை காத்திருக்கிறார். பெரிய கசினோ வரும் இடத்தில் சூதாட்டத்துக்கு ஒரு மரியாதை வந்துவிடும். அதன் நிழலில் சிறிய பந்தயக் கடைகள் பெருகும் என்பதே என் அச்சம்.

எங்கள் இளைஞர்கள் கொழும்பில் ஹோட்டல்களிலும் கடைகளிலும் வேலை செய்து களைத்துப்போய், ஊரிலேயே வேலை கிடைத்தால் போதும் என்கிறார்கள் என்பதை நான் அறிவேன். அவர்கள் ஆம் என்று வாக்களித்தால் அந்த முடிவை ஏற்பேன். என் வாக்கு இல்லை என்பதாகவே இருக்கும்.

ஆகவே, புதிய அதிகாரசபைக்கான ஒழுங்குவிதிகளில் மூன்று விடயங்கள் எழுதப்பட வேண்டும் என்று மலையகப் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் கோர வேண்டும். உடன்படிக்கை தமிழிலும் சிங்களத்திலும் முன்கூட்டியே வெளியிடப்பட வேண்டும். அதன்பின் இரகசிய வாக்கெடுப்பு நடத்தப்பட வேண்டும். அதில் லயன்களில் குடியிருப்போரும் பக்கத்துப் பிரதேச சபைகளின் வாக்காளர்களும் சேர்க்கப்பட வேண்டும். கசினோவுக்கான விண்ணப்பம் ஏதேனும் மலையேறி வருவதற்கு முன்பே இது நடக்க வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியை,
ஹட்டன்