30 நாள் தவணை

சங்கரன்கோவில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். முருங்கை காய்த்துத் தள்ளுகிறது, பறித்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

ஃபேஸ்புக்கை விட்டாச்சா என்று போனில் கேட்டாய். கணக்கை நீக்கச் சொல்லி விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். ஆனால் 30 நாளுக்குள் மனசு மாறினால் பழையபடி உள்ளே போய்விடலாமாம். இன்றோடு 19 நாள். இந்தத் தவணையை வைத்தவன் என்னை மாதிரி ஆட்களைத் தெரிந்துதான் வைத்திருக்கிறான்.

காரணத்தை உன்னிடம் சொன்னதில்லை. 2018-இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதே, அதை நானும் பதினோரு பேருக்கு அனுப்பினேன். அந்த மே மாதம்தான் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கும்பிட வந்த ஒரு வயதான அம்மாவை அந்தப் புரளியை நம்பி அடித்தே கொன்றார்கள். நான் அனுப்பியது அங்கே போயிருக்காது. ஆனால் சரக்கு ஒன்றுதானே? முப்பத்து மூன்று வருஷம் தபால் கொடுத்தவன் நான். வேறு ஆள் பெயருக்கு வந்த ஒரு கார்டைக்கூட யார் கையிலும் கொடுத்ததில்லை. எழுதியவன் யாரென்றே தெரியாததை மட்டும் வீடு வீடாகச் சேர்த்திருக்கிறேன்.

அதற்கப்புறம் திருந்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். போன மாதம் ஃபேஸ்புக்கில் அதே மாதிரி ஒன்று. படித்து முடிக்கும் முன்பே விரல் பகிர்ந்துவிட்டது. உடனே அழித்தேன், சரி. விரல் போனது போனதுதான்.

என் பையில் தபால் தீர்ந்தால் வீட்டுக்கு வந்துவிடுவேன். இந்த ஃபேஸ்புக் பைக்கு அடியே கிடையாது. திரையைத் தள்ளத் தள்ளத் தீராத அந்த ஏற்பாட்டை 2006-இல் உருவாக்கிய ஏசா ராஸ்கினே பின்னால் வருத்தப்பட்டாராம்.

அப்படியிருந்தும் 2015 டிசம்பர் ஞாபகம் வருகிறது. நீ முடிச்சூரில், வீட்டைச் சுற்றித் தண்ணீர், போன் போகவில்லை. அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஃபேஸ்புக்கில் உன் பெயருக்கு நேரே 'பாதுகாப்பாக இருக்கிறார்' என்று வந்த பிறகுதான் அடுப்பு எரிந்தது. தந்தியை 2013-லேயே நிறுத்திவிட்டார்கள். இருந்திருந்தாலும் அந்த வெள்ளத்தில் யார் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்?

இன்னொன்று, சொன்னால் கோபப்படாதே. பேரன் எழுந்து நின்ற படத்தை அங்கேதான் பார்த்தேன். நீ எனக்கென்று தனியாக அனுப்பவில்லை. இந்தப் 19 நாளில் புதிதாக எதுவும் போட்டாயா? போட்டிருந்தால் ஒன்றைப் பிரிண்ட் எடுத்து அனுப்பு. இன்னும் 11 நாள் இருக்கிறது, புனேயிலிருந்து தபால் அதற்குள் வந்துவிடும். பின்கோடு எழுத மறக்காதே. கல்லூரி விடுதியிலிருந்து போட்ட கடிதங்களில் ஒன்றிலாவது எழுதியிருக்கிறாயா நீ?

அன்புடன்,
அப்பா