சேர்வராயன் மலை பாக்சைட்: ஆற்றுவழி ஊர்களையும் கேட்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்வராயன் மலை உச்சியில், அலுமினியம் எடுக்கப் பயன்படும் கனிமமான பாக்சைட்டை மீண்டும் வெட்ட அனுமதிக்கலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம், அது ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்கும் சுரங்கக் குத்தகைக்காரருக்கும் இடையிலான விவகாரமாகவே பார்க்கப்படுகிறது. ஓமலூர் வட்டத்தில் சரபங்கா ஆற்றையும் அது ஊறவைக்கும் கிணறுகளையும் நம்பிப் பயிர் செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கோ, அது எங்கள் கிணற்று நீரைப் பற்றிய விவகாரம்.

சேர்வராயன் மலை ஒரே ஆற்றுக்கு மட்டும் தாய்மடி அல்ல. மேற்குச் சரிவின் ஓடைகள் டேனிஷ்பேட்டை, காடையாம்பட்டி வழியாக இறங்கிச் சரபங்காவாகி, ஓமலூர், தாரமங்கலம், எடப்பாடி ஊர்களைக் கடந்து காவிரியில் சேர்கின்றன. தெற்கே இறங்குவது திருமணிமுத்தாறு. அது சேலம் மாநகரின் நடுவே ஓடி நாமக்கல் மாவட்டத்தில் காவிரியை அடைகிறது. வடக்கே இறங்கும் வாணியாறு பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்து அணையை நிரப்பிவிட்டுத் தென்பெண்ணையோடு கலக்கிறது. ஒரே மலையில் பெய்யும் மழை இருவேறு பெரிய ஆறுகளுக்குப் பிரிந்து போகிறது என்றால், அந்த உச்சியில் கைவைக்கும் முடிவு எத்தனை ஊர்களைத் தொடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏற்காட்டில் ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கீழே சமவெளியில் அது 900 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கிறது. மலையில் கூடுதலாகப் பெய்வதைப் பிடித்து வைத்து, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவது எது என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி. மலையின் அடிக்கட்டு சார்னோகைட் என்னும் கரும்பாறை; வெடிப்புகளைத் தவிர வேறெங்கும் அது நீரை உள்வாங்காது. அதன் தலையில் தொப்பியாகப் படிந்திருக்கும், துளைகள் நிறைந்த செந்நிறப் படிவத்தில்தான் பாக்சைட் இருக்கிறது. மழைநீர் அந்தப் படிவத்தில் இறங்கி, பாறையைத் தொட்டதும் அதற்குக் கீழே போக வழியின்றிப் பக்கவாட்டில் கசிந்து ஊற்றாகிறது. பங்குனி, சித்திரையில் மலைக் கிராமத்து ஊற்று ஒன்றின் முன் நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். மேலே சல்லடைபோல் ஓட்டை விழுந்த செந்நிறக் கல், கீழே ஈரத்தில் மினுங்கும் கரும்பாறை, இரண்டும் சேரும் கோட்டில் விரல் பருமனுக்கு நீர். மழை பெய்து மாதங்கள் ஆன பிறகும் அது நிற்காமல் ஓடும். பெண்கள் அதில்தான் குடம் வைத்து நிரப்புகிறார்கள்.

ஆக, வெட்டியெடுக்க நினைக்கும் கனிமமே நீரைத் தேக்கி வைத்திருக்கும் படிவமாகவும் இருக்கிறது. அதை அகற்றிய பின் ஐப்பசி மழை பாறைமேல் விழுந்து உடனே பாய்ந்தோடும். செம்மண்ணை அள்ளி வந்து ஏரிகளில் வண்டலாகப் போடும். தை முடிவதற்குள் ஓடைகள் வற்றும். குழியை மூடி மரம் நட்டுத் தருவோம் என்பது சுரங்கத் தரப்பின் வழக்கமான பதில். மரம் வளரலாம்; பல லட்சம் ஆண்டுகளில் உருவான படிவத்தை யாரும் திரும்பக் கட்டித் தர முடியாது. இதே மலையின் அடிவாரத்தில் கருப்பூர், செட்டிச்சாவடி, வெள்ளக்கல்பட்டி பக்கம் நூறாண்டுக்கு மேலாக வெள்ளைக்கல் என்னும் மேக்னசைட் கனிமத்தை வெட்டியதில் எஞ்சி நிற்கும் ஆழக் குழிகளையும் கழிவு மேடுகளையும் சேலத்துக்காரர் எவரும் நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேட்டூர் அணையின் உபரிநீரை நீரேற்றிச் சரபங்கா வடிநிலத்தின் 100 ஏரிகளை நிரப்ப 565 கோடி ரூபாயில் அரசு திட்டம் தீட்டியது. தேவை இருந்ததால்தான் அவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது. நாங்கள் அதை வரவேற்கிறோம். அந்த வடிநிலத்துக்குச் செலவில்லாமல் நீர் தரும் மலையை மறுபுறம் வெட்டவிடுவது எந்த வகையில் நியாயம்?

வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசுவோரை நான் அலட்சியம் செய்யவில்லை. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இம்மலையில் முன்பு பாக்சைட் வெட்டியபோது மலைவாழ் மக்களில் பலர் அதில் கூலி பெற்றனர். ஆனால் கனிமம் தீர்ந்தால் கூலியும் தீரும். காப்பி, மிளகுத் தோட்ட வேலையும் கீழ்நாட்டு வேளாண்மையும் நீர் உள்ளவரை தலைமுறை தலைமுறையாக நடக்கும்.

சட்டத்தின் நிலைக்கு வருகிறேன். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கருத்துக்கேட்புக் கூட்டத்தைச் சுரங்கம் அமையும் இடத்திலோ அதன் அருகிலோ நடத்துகிறார்கள். பொதுவாக 10 கிலோமீட்டர் சுற்றளவே ஆய்வின் எல்லையாக வைக்கப்படுகிறது. ஓமலூரும் தாரமங்கலமும் எடப்பாடியும் அந்த வட்டத்துக்குள் வராது. தண்ணீர் வட்டம் பார்த்து ஓடுவதில்லை. ஆய்வின் எல்லையை ஆற்றின் வடிநிலத்தைக் கொண்டே வகுக்க வேண்டும் என்பதுதான் இக்கடிதத்தின் முதன்மைக் கோரிக்கை.

ஒடிசாவின் நியமகிரி மலை பாக்சைட் வழக்கில் 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. கூட்டப்பட்ட 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. நம் மாநிலத்திலேயே மதுரை அரிட்டாபட்டிப் பகுதி டங்ஸ்டன் ஏலத்தை எதிர்த்து மக்கள் திரண்டார்கள், 2024 டிசம்பரில் சட்டப்பேரவை ஒருமனதாகத் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அங்கே ஏலம் முடிந்த பிறகே மக்களுக்குத் தெரிந்தது. இங்கே அதற்கு முன்பே பேச வேண்டும் என்பதால்தான் இப்போது எழுதுகிறேன்.

சேர்வராயன் மலையின் ஊற்றுகள் அனைத்தையும் கோடையிலும் மழைக்காலத்திலும் அளந்து, எந்த ஊற்று எந்த ஓடைக்குப் போகிறது என்ற வரைபடத்தை மாவட்ட நிர்வாகம் தமிழில் வெளியிட வேண்டும். அது வெளிவரும் வரை மலை உச்சியில் எந்தக் கனிமக் குத்தகையையும் பரிசீலிக்கக் கூடாது. பரிசீலிப்பதானால் ஏற்காட்டில் மட்டுமன்றி ஓமலூர், சேலம், பாப்பிரெட்டிப்பட்டியிலும் கூட்டம் நடத்தி, மலைக் கிராம சபைகளின் முடிவை இறுதியாக ஏற்க வேண்டும். ஆற்றுவழி ஊராட்சிகளும் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22இல் கூடும் கிராம சபையில் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சரபங்கா பாசன விவசாயி,
ஓமலூர் வட்டம், சேலம் மாவட்டம்.